பச்சைக் கதவும் நீலக் கதவும்

ஆக்ஸ்போர்டு என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது அகராதி. சற்று வாசிப்புப் பழக்கமுள்ள கத்தோலிக்கர்க்கு, 2019ஆம் ஆண்டில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்ற கர்தினால் நியூமனின் நினைவு வரலாம். எனக்கோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரம் ஒரே ஒரு மனிதரின் ஊர். அவருடைய பிள்ளைகள் இரவில் அவரைச் சூழ்ந்தமர்ந்து கதை கேட்ட ஊர். 2023ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவ்வூரின் தெருக்களில் நடக்கும் பேறு எனக்குக் கிட்டியது. உடன் வந்தவர்கள் என் மகனும், எட்டு வயதான என் பேத்தியும். என் சட்டைப்பையில் நான்காக மடித்த பழைய தாள் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன்.

அந்த மனிதர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ‘ஹாபிட்’, ‘மோதிரங்களின் தலைவன்’ ஆகிய நூல்களை எழுதியவர். 2001 முதல் 2003 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக இன்றைய இளைஞர்கள் அவரை அறிவர். அவர் நம் திருச்சபையின் பிள்ளை என்பதைப் பலர் அறியார். அவருடைய தாயார் மேபல், கணவரை இழந்த நிலையில், 1900ஆம் ஆண்டில் கத்தோலிக்க மறையைத் தழுவினார். அதனால் உறவினர் சினங்கொண்டு பண உதவியை நிறுத்தினர். வறுமையோடும் நீரிழிவு நோயோடும் போராடி 1904இல் அவர் இறந்தபோது மூத்த மகனுக்கு வயது 12. இலத்தீனையும், செடிகொடிகளின் பெயர்களையும், சொற்களின் மீதான தீராத காதலையும் மகனுக்கு ஊட்டியவர் அந்தத் தாயே. தாயற்ற இரு சிறுவர்களையும் பொறுப்பேற்று வளர்த்தவர், நியூமன் பர்மிங்ஹாமில் நிறுவிய ஓரட்டோரி இல்லத்தைச் சேர்ந்த அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன்.

இனி என் கதை. நான் பாளையங்கோட்டையில் வரலாற்று ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 1989இல் ஒரு பணியாகத் திருச்சி சென்றபோது, மலைக்கோட்டை அருகே நடைபாதையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களுக்கிடையே, அட்டை கிழிந்த ‘ஹாபிட்’ ஒன்று கிடைத்தது. திரும்பும் பேருந்தில் படிக்கத் தொடங்கினேன். பேருந்து மதுரையைக் கடந்ததை நான் அறியவில்லை. முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், ஒரு குட்டை மனிதனும் பதின்மூன்று குள்ளர்களும் டிராகனிடமிருந்து புதையலை மீட்கப் போகும் கதையில் மூழ்கிவிட்டேன் என்றால் சக ஆசிரியர்கள் நகைத்திருப்பார்கள். ஆகவே எவரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் சொன்னேன்.

1991 கோடையில், இரவு மின்சாரம் நின்றுவிடும் வேளைகளில், மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அக்கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். மகனுக்கு அப்போது ஏழு வயது, மகளுக்கு நான்கு. ஹாபிட் என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘குழிவாசி’ என்று சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகள் ஏற்கவில்லை. ஹாபிட் ஹாபிட்டாகவே இருந்தான். ஆனால் அவன் வீட்டு அலமாரியில் இருந்த கேக்குகள் முந்திரிக்கொத்தும் அதிரசமும் ஆயின. பனி மூடிய மலைகள் பொதிகையைப் போல் இருந்தன. இருட்டுக் குகையில் விடுகதைப் போட்டி நடக்கும் பகுதியில், ஆங்கில விடுகதைகளைத் தமிழாக்கம் செய்ய முயன்று தோற்றுப்போய், நம் பாட்டிமார் போடும் விடுகதைகளையே அங்கே வைத்தேன். ஆசிரியர் மன்னிப்பாராக.

மகள் பெரும்பாலும் பாதியிலேயே உறங்கிவிடுவாள். மகன் உறங்கமாட்டான். அந்நூலின் தொடக்கத்தில் ஒரு வரைபடம் உண்டு. அதில் ரூன் என்னும் பழைய கோட்டெழுத்துகளில் சில வரிகள் எழுதப்பட்டிருக்கும். பண்டை ஆங்கிலேயர் மரத்திலும் கல்லிலும் கீறிய எழுத்துகள் அவை. கீறுவதற்கு எளிதாக வளைவின்றி நேர்க்கோடுகளாலேயே ஆனவை. அவற்றை ஆங்கில எழுத்துகளோடு ஒப்பிட்டு என் மகன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். பிறகு தமிழையே அவற்றில் எழுதத் துணிந்தான். ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ணகரத்துக்கும் அங்கே இடமில்லை. அவன் அருகே ஒரு புள்ளி, இரு புள்ளி என்று வைத்துத் தானே வகுத்துக்கொண்டான். நானும் அவனிடம் கற்றேன். சில ஆண்டுகள் எங்கள் வீட்டில் அது இரகசிய எழுத்தாக வழங்கியது. அடுக்களைச் சிலேட்டில் ‘தோசை மாவு தீர்ந்துவிட்டது’ என்று ரூன் எழுத்தில் எழுதி வைப்பான். என் மனைவிக்குக் கோபம் வரும். கடைசியில் அவளும் மாவு என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்கக் கற்றுக்கொண்டாள்.

என் மகன் இப்போது இங்கிலாந்தில் ரெடிங் நகரில் கணினித் துறையில் பணியாற்றுகிறான். என் மனைவி காலமான பின், சில வாரங்கள் தன்னுடன் வந்து தங்கும்படி அழைத்தான். அவன் வீட்டில் முதல் நாள் பேத்தியின் அறைக்குள் நுழைந்தவன் வாயிலிலேயே நின்றுவிட்டேன். கட்டிலுக்கு மேலே சுவரில் அந்த வரைபடம் மாட்டியிருந்தது. “அப்பா இராத்திரி படிச்சுக் காட்டுவாங்க தாத்தா. இரண்டு தடவை முடிச்சுட்டோம்” என்றாள் குழந்தை. மகன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை காப்பி அருந்தும்போது, “சனிக்கிழமை ஆக்ஸ்போர்டு போகலாமா அப்பா?” என்று அவனே கேட்டான்.

ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்போர்டுக்கு ரயிலில் அரைமணி நேரப் பயணம். டோல்கீன் சிறுவனாக இருந்தபோது பர்மிங்ஹாமில் அவர்கள் குடியிருந்த ஒரு வீட்டின் பின்புறம் ரயில் பாதை இருந்ததாம். நிலக்கரி ஏற்றிய பெட்டிகளின் மேல் எழுதியிருந்த வேல்ஸ் நாட்டு ஊர்ப் பெயர்களை அவர் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்ப்பார். பொருள் விளங்காது, ஓசை மட்டும் இனிக்கும். பிற்காலத்தில் அவர் தாமே படைத்த மொழிகளில் ஒன்று வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவியது. மற்றொன்று பின்லாந்து மொழியின் ஓசையைத் தழுவியது. நிலக்கரிப் பெட்டியிலிருந்து ஒரு மொழி பிறக்கும் என்று யார் கண்டது?

ஆக்ஸ்போர்டு பொன்னிறக் கல்லால் ஆன நகரம். கல்லூரிகளுக்குப் பெரிய மதில்களும் சிறிய வாயில்களும். எங்கு நோக்கினும் மிதிவண்டிகள். கல்லூரிகளைப் பற்றி விரித்தெழுத நான் முற்படவில்லை. வழிகாட்டி நூல்கள் அதைச் செய்கின்றன. டோல்கீன் எக்ஸிட்டர் கல்லூரியில் மாணவராக இருந்தார். 1925 முதல் பேராசிரியராக முதலில் பெம்ப்ரோக், பிறகு மெர்ட்டன் கல்லூரிகளைச் சார்ந்திருந்தார். தாவரத் தோட்டத்தில் அவர் மிகவும் நேசித்த கரும்பைன் மரம் ஒன்று இருந்தது. அதன் கிளைகள் முறிந்து விழுந்தமையால் 2014இல் அது வெட்டப்பட்டது. ஆகவே அங்கும் நாங்கள் செல்லவில்லை.

சென்ற இடம் செயின்ட் கைல்ஸ் என்னும் அகன்ற சாலை. இருமருங்கும் ஓங்கிய மரங்கள். அச்சாலையில் ‘கழுகும் குழந்தையும்’ என்று பெயர் கொண்ட பழைய மதுக்கடை ஒன்று உண்டு. அங்கே டோல்கீனும், சி. எஸ். லூயிஸும், வேறு சில நண்பர்களும் செவ்வாய்க்கிழமைதோறும் கூடிப் பேசி மகிழ்ந்தனர். கிறிஸ்தவ நம்பிக்கையை இழந்திருந்த லூயிஸ் அதனிடம் திரும்பியதில், 1931ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓரிரவு டோல்கீனும் மற்றொரு நண்பரும் அவரோடு நடந்துகொண்டே பேசிய பேச்சுக்குப் பெரும் பங்குண்டு. 2020இல் மூடப்பட்ட அக்கடை நாங்கள் சென்றபோதும் திறக்கப்படவில்லை. பூட்டிய கதவின் முன் மூவரும் நின்றோம். “சாராயக் கடையைப் பார்க்கவா தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து வந்தீங்க?” என்றாள் பேத்தி. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து வடக்கே சிறிது நடந்தால் வுட்ஸ்டாக் சாலையில் புனித ஞானப்பிரகாசியார் ஆலயம். இயேசு சபையினர் கட்டி 1875இல் திறந்தது. கவிஞர் ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ் அடிகளார் சில மாதங்கள் இங்கே துணைப் பங்குக் குருவாக இருந்தார். இப்போது ஓரட்டோரி சபையினர் பொறுப்பில் உள்ளது. டோல்கீன் அதிகாலையில் தம் மகன்களோடு மிதிவண்டியில் இங்கே பூசைக்கு வருவார். மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். பூசை இலத்தீனிலிருந்து மக்கள் மொழிக்கு மாறிய பின்பும், முதிய வயதில் டோல்கீன் உரத்த குரலில் இலத்தீனிலேயே மறுமொழி சொல்லுவாராம். உடனிருந்த பேரனுக்குக் கூச்சமாக இருக்குமாம். அப்பேரனே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். எங்கள் பங்கிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். நம்மில் பலருக்கு அத்தகையோர் நினைவிருக்கும்.

நார்த்மூர் சாலை நகரின் வடபகுதியில் உள்ளது. அமைதியான, மரங்கள் அடர்ந்த குடியிருப்புத் தெரு. முதலில் 22ஆம் எண் வீட்டிலும், 1930 முதல் 1947 வரை அடுத்துள்ள 20ஆம் எண் வீட்டிலும் டோல்கீன் குடும்பம் வாழ்ந்தது. பெரிய வீடு, சன்னல்கள் பல. வாயிலருகே நீல வட்டத் தகடு ஒன்று அவர் இங்கு வாழ்ந்ததைத் தெரிவிக்கிறது. தனியார் வீடு, உள்ளே செல்ல இயலாது. இதை விலைக்கு வாங்கி நினைவில்லம் ஆக்க 2020ஆம் ஆண்டு இறுதியில் ஒரு முயற்சி தொடங்கி, போதிய பணம் சேராமல் நின்றுபோயிற்று. எனவே தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று, பிறர் வீட்டை உற்று நோக்கும் வழிப்போக்கர்போல நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வீட்டுத் தோட்டத்தில் இருந்த டென்னிஸ் ஆடுகளத்தைக் கொத்திக் காய்கறி பயிரிட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. நான்கு பிள்ளைகள் பெற்ற அந்தப் பேராசிரியருக்குச் சம்பளம் போதவில்லை. கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கூடுதல் வருவாய் ஈட்டினார். அலுப்பூட்டும் அப்பணியின் நடுவே ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெற்றாக விட்டிருந்தான். மகிழ்ந்துபோன அவர் அந்தப் பக்கத்தில், தரையில் ஒரு குழிக்குள் வாழும் ஹாபிட் ஒன்றைப் பற்றி ஒற்றை வரி எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. நானும் ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தியவன்தான். வெற்றுப் பக்கம் கண்டபோதெல்லாம் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்ததன்றி வேறொன்றும் செய்ததில்லை.

அக்கதையை அவர் குளிர்கால இரவுகளில் தம் படிப்பறையில் பிள்ளைகளுக்குச் சொன்னார். அது நூலாக வெளிவந்தது 1937ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள். அச்சிடலாமா என்று முடிவு செய்ய, பதிப்பாளர் தம் பத்து வயது மகனிடம் கையெழுத்துப் படியைத் தந்து கருத்துக் கேட்டார். சிறுவன் எழுதித் தந்த மதிப்புரைக்கு ஒரு ஷில்லிங் கூலி! ஆனால் இதற்கெல்லாம் முன்பே, 1920ஆம் ஆண்டு டிசம்பரில், மூன்று வயது மூத்த மகனுக்கு ஒரு கடிதம் வந்தது. வடதுருவத்திலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா எழுதியது. முதுமையால் நடுங்கும் கையெழுத்து, வண்ணப் படங்கள், உறையின் மேல் கையால் வரைந்த தபால் தலை. அதன்பின் ஆண்டு தவறாமல், 1943 வரை, நான்கு பிள்ளைகளுக்கும் அக்கடிதங்கள் வந்தன. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு உதவியாளனாக ஒரு துருவக் கரடி. அது செய்யும் குளறுபடிகள். பரிசுகளைத் திருட வரும் பூதங்கள். அப்பூதங்களுக்கென்று ஒரு தனி எழுத்து முறை. தாம் மட்டும் மகிழ்ந்து விளையாடிய எழுத்து விளையாட்டைப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட தகப்பன் அவர். 1925இல் ஒரு கடற்கரையில் இரண்டாம் மகன் தன் பொம்மை நாயைத் தொலைத்துவிட்டு அழுதபோது, அந்த நாய் எங்கெல்லாம் போயிற்று என்று நிலவுலகம் வரை நீளும் ஒரு கதையைக் கட்டிச் சொல்லி அவனைத் தேற்றினார். அது அவர் மறைவுக்குப் பின் 1998இல்தான் நூலாயிற்று.

இவற்றையெல்லாம் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். “இந்த வீட்டில் கிறிஸ்டபர் என்று மூன்றாவது பையன் இருந்தான். அப்பா கதை சொல்லும்போது இடைமறிப்பான். ‘போன தடவை ஹாபிட் வீட்டுக் கதவு பச்சை என்றீர்களே, இப்போது நீலம் என்கிறீர்களே’ என்று சண்டைக்கு வருவான். அப்பா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்க் குறித்து வைத்துக்கொள்வார்” என்றேன்.

“இல்லை தாத்தா. முதலில் சொன்னதுதான் நீலம். அப்புறம்தான் பச்சை. புத்தகத்தில் பச்சைக் கதவுதானே இருக்கு?” என்றாள் பேத்தி.

மகன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது.

அந்தக் கிறிஸ்டபருக்கு, அச்சான நூலில் காணும் பிழை ஒன்றுக்கு இரண்டு பென்ஸ் என்று தகப்பனார் பரிசு வைத்தாராம். போர்க்காலத்தில் அவர் விமானப்படைப் பயிற்சிக்குத் தென்னாப்பிரிக்கா சென்றபோது, புதிய நூலின் அத்தியாயங்களை எழுத எழுத அங்கே அனுப்பி வைத்தார். வரைபடங்களை வரைந்து தந்தவரும் இந்த மகனே. தந்தை முடிக்காமல் விட்டுச் சென்ற தொன்மக் கதைகளை 1977இல் பதிப்பித்து, பின்னர் 1983 முதல் 1996 வரை தந்தையின் கையெழுத்துத் தாள்களைத் துருவி ஆராய்ந்து 12 தொகுதிகளாக வெளியிட்டு, 2020இல் தம் 95ஆம் வயதில் அவர் இறந்தார். மற்ற மூவரும் தத்தம் வழியில் சென்றனர்: மூத்தவர் குருவானார், அடுத்தவர் ஆசிரியரானார், மகள் பிரிசில்லா சமூகநலப் பணியில் இருந்து 2022இல் மறைந்தார். நால்வருக்கும் ஒரே கதைதான் சொல்லப்பட்டது. (என் மகளும் இப்படித்தான். அவளுக்கு ஹாபிட் வேண்டாம்; கிரிக்கெட் வேண்டும். வானொலியில் வர்ணனை கேட்டு நோட்டில் ஓட்டங்களைக் குறித்து வைப்பாள். அந்த நோட்டை ஒருநாளாவது வாங்கிப் பார்த்தேனா என்று எண்ணினால், இல்லை. என் ஆர்வத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, அவர்களுடையதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.)

சட்டைப்பையிலிருந்த தாளுக்கு வருகிறேன். 1998ஆம் ஆண்டு, மகன் பத்தாம் வகுப்பு. அவ்வாண்டு அக்டோபர் திங்களில் அவன் பள்ளியிலிருந்து என்னை அழைத்தார்கள். காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் தேறவில்லை. கணித நோட்டின் கடைசி இருபது பக்கங்களும் கோட்டெழுத்துகளால் நிரம்பியிருந்தன. நான் ஓர் ஆசிரியன். சக ஆசிரியர்கள் முன்னிலையில் தலைகுனிந்து நின்றேன். வீட்டுக்கு வந்து, விருந்தினர் அமர்ந்திருப்பதையும் பாராமல், “மதிப்பெண்ணை என்னிடம் மறைத்தாயா? பொய்யனா நீ?” என்று கத்தினேன். ‘ஹாபிட்’டையும், பின்னர் வாங்கிய மூன்று பாகங்களையும், வரைபடங்களையும் வாரித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். “இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக் கொடுத்தது யார்?” என்று மனைவி அன்றிரவு மெல்லக் கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. பையன் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை. அதன்பின் நன்றாகப் படித்தான். உயர்ந்த மதிப்பெண் பெற்றான். பொறியியல் கல்லூரிக்குப் போனான். ஆனால் அந்தப் புத்தகங்களை அவன் ஒருபோதும் கேட்கவில்லை. மொட்டை மாடிக்கும் வரவில்லை. என்னிடம் எப்போதும் மரியாதையாக நடந்தான். மரியாதையாக மட்டுமே நடந்தான்.

இங்கிலாந்துப் பயணத்துக்காகக் கடவுச்சீட்டுக்குரிய பழைய தாள்களைத் தேடியபோது அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். கறையான் அரிக்காமல் ‘ஹாபிட்’ அப்படியே இருந்தது. புரட்டினேன். விடுகதைப் பகுதியில், நாங்கள் கடைசியாகச் சேர்ந்து படித்த இடத்தில், கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் செருகியிருந்தது. ரூன் எழுத்துகள். கற்ற எழுத்துகளை நான் மறந்துவிட்டிருந்தேன். வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடிக்க நள்ளிரவாயிற்று.

அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘அப்பா, கணக்கில் 28. உங்களிடம் நேரில் சொல்லப் பயமாக இருக்கிறது. திட்டாமல் கையெழுத்துப் போடுங்கள்.’

அவன் மறைக்கவில்லை. நான் இரவுதோறும் கையில் எடுக்கும் புத்தகத்தில், எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த எழுத்தில், எனக்கு எழுதி வைத்திருந்தான். அந்த வாரம் முழுவதும் நான் புத்தகத்தை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது எனக்கு இப்போது நினைவில்லை. விடைத்தாள் கட்டுகளாக இருக்கலாம். பிறகு திறந்தே பார்க்காமல் பூட்டிவிட்டேன். 25 ஆண்டுகள்.

நார்த்மூர் சாலையிலிருந்து பேன்பரி சாலைக்கு வந்து, பேருந்தேறி, நகரின் வடகோடியில் உள்ள வுல்வர்கோட் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். வாயிலிலிருந்தே வழிகாட்டும் சிறு பலகைகள் உள்ளன. அவரைத் தேடி வருவோர் அத்தனை பேர். கத்தோலிக்கர்க்குரிய பகுதியில், சாம்பல்நிறக் கருங்கல்லில், ஆடம்பரம் ஏதுமற்ற கல்லறை. மனைவி எடித் 1971ஆம் ஆண்டு நவம்பரிலும், அவர் 1973ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாளும் மறைந்தனர். இருவரும் ஒரே குழியில் துயில்கின்றனர். எடித்தின் பெயருக்குக் கீழே லூதியன் என்றும், அவர் பெயருக்குக் கீழே பெரன் என்றும் பொறித்திருக்கிறது. இவை அவருடைய கதையில் வரும் காதலர்களின் பெயர்கள். 1917இல், முதல் உலகப்போரிலிருந்து நோயாளியாகத் திரும்பியிருந்த காலத்தில், காட்டுப் பூக்கள் நிறைந்த ஒரு சோலையில் எடித் அவருக்காக ஆடினார். அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததே லூதியனின் கதை. கல்லறையின் மேல் ரோஜாச் செடியும், யாரோ வைத்துச் சென்ற செபமாலைகளும், எனக்குத் தெரியாத வளைந்த எழுத்துகளில் எழுதிய துண்டுத் தாள்களும் இருந்தன. நாங்கள் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொன்னோம்.

பேத்தி பட்டாம்பூச்சியின் பின்னே போனாள். அருகிலிருந்த மரப்பலகையில் நானும் மகனும் அமர்ந்தோம். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் பார்த்தான். எழுத்துக்கூட்டவில்லை, நாம் செய்தித்தாள் படிப்பதுபோல் நேராகப் படித்தான். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை.

“எங்கே இருந்தது?”

“புத்தகத்துக்குள். போன மாதம்தான் கண்டேன். அன்று நான் திறந்து பார்க்கவில்லை, ஐயா.”

நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “நீங்க படிச்சுட்டுத்தான் கோபப்பட்டீங்கன்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன் அப்பா. படிச்சுமா என்னைப் பொய்யன்னு சொன்னீங்கன்னுதான்...” என்று நிறுத்தினான்.

நான் என்ன சொல்ல? மன்னித்துக்கொள் என்று மகனிடம் சொல்லும் வழக்கம் எங்கள் தலைமுறைத் தகப்பன்மார்க்கு இல்லை. சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் என் கையின் மேல் தன் கையை வைத்தான். அவ்வளவே. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

சற்றுப் பொறுத்து, “ளகரத்துக்கு இரண்டு புள்ளி வைக்கணும், ஒரு புள்ளிதான் வச்சிருக்கேன் பாருங்க” என்றான்.

பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தபோது பேத்தி தாளைப் பிடுங்கிக்கொண்டாள். சுவரில் மாட்டிய வரைபடத்தால் அவளுக்கும் பாதி எழுத்துகள் தெரியும். “அப்பா... கணக்கில்... தாத்தா, இது இருபத்தெட்டா?” என்று தடவித் தடவிப் படித்தாள். மகன் தன் பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தான். முழங்காலின் மேல் தாளை வைத்து, ஓய்வு பெறும் வரை மாணவர்களின் மதிப்பெண் அட்டைகளில் இட்டு வந்த அதே கையெழுத்தை இட்டேன். நாளும் எழுதினேன்.

பேத்தி அதை வாங்கிப் பார்த்தாள்.

“இருபத்தெட்டு எத்தனைக்கு தாத்தா? ஐம்பதுக்கா?”

“நூற்றுக்கு.”

“நூற்றுக்கா!” என்றாள் அவள், தகப்பனை ஏறிட்டுப் பார்த்து. பேருந்து வந்துவிட்டது.